பெயரை விட்டுக்கொடாத விளையாட்டு வீரன்

(சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பத்து நிமிசம் பேசச் சொல்லிக் கேட்டார்கள். கிரிக்கெற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று கனபேர் நினைத்திருப்பீர்கள். இல்லை. நான் பேஸ்போலைப் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் ஒரேயொரு விளையாட்டு வீரரைப் பற்றி. அவருடைய பெயர் றொபேட்டோ கிளெமென்ரே.

பேஸ்போல் விளங்காதவர்கள் பயப்பட வேண்டாம். விளையாட்டைவிட அந்த மனிசன்ரை கதைதான் முக்கியம்.

கிளெமென்ரே 1934ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதி புவேர்ட்டோ றிக்கோத் தீவிலே கரோலினா என்ற ஊரில் பிறந்தார். சுற்றிவரக் கரும்புத் தோட்டம். தகப்பன் மெல்ச்சோர் கிளெமென்ரே கரும்புத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்வை செய்தவர். தாய் லூயிசா வாக்கர். வீட்டில் கடைக்குட்டி இவர்தான். அந்தத் தீவு அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. 1917ஆம் ஆண்டிலிருந்து அங்குள்ளவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆகவே கிளெமென்ரே எங்களைப்போல அகதி அல்ல. கையில் பிரஜாவுரிமை இருந்தது. ஆனால் பேசியது ஸ்பானிய மொழி, தோல் கறுப்பு. இரண்டும் சேர்ந்து அவரை அந்த நாட்டிலே அந்நியனாக்கிவிட்டன.

1954இல், 19 வயதுப் பொடியனாக, புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்கு 10,000 டொலர் முன்பணத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். பிறகு வேறோர் அணி அதைவிட எவ்வளவோ கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. கரும்புத் தோட்டக் குடும்பத்துக்கு அது பெரிய காசு. ஆனாலும் கொடுத்த வாக்கை அவர் மாற்றவில்லை.

டொட்ஜர்ஸ் அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமோ? நாங்கள் இப்ப கூடியிருக்கிற இதே மொன்றியலுக்குத்தான்! இங்கே அவர்களுடைய இளைய அணியான மொன்றியல் றோயல்ஸ் இருந்தது. நகரத்தின் கிழக்குப் பக்கம் டெலோரிமியே மைதானம் இருந்தது. இப்ப அந்த மைதானம் இல்லை. 1946இல் ஜக்கி றொபின்சன் என்ற கறுப்பின வீரர் விளையாடியதும் அங்கேதான். அடுத்த வருடம் அமெரிக்காவின் பெரிய அணிகளில் அந்தக் காலத்து நிறத்தடையை உடைத்தவர் அவர்.

பொடியனுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. நகரமோ பிரெஞ்சு. வந்த புதிதில் மெற்றோவிலே இடம் கேட்கத் தெரியாமல் நின்ற எங்கடை ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதோடு அவரைப் பல நாட்கள் வாங்கிலேயே இருத்திவிட்டார்கள். வேறு அணிகளின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள் என்று சொல்வோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. 4,000 டொலருக்கு மேல் முன்பணம் வாங்கிய வீரரைப் பெரிய அணியில் வைத்திராவிட்டால், வருட முடிவில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. அந்த நவம்பர் மாதமே பிற்ஸ்பேர்க் பைரேற்ஸ் அணி 4,000 டொலருக்கு அவரை எடுத்துவிட்டது. பிறகு சாகும்வரை 18 வருடம் அந்த ஒரே அணிக்குத்தான் விளையாடினார்.

பிற்ஸ்பேர்க்கில் அவருக்கு இரண்டு கரைச்சல் வந்தது. ஒன்று நிறம். வசந்தகாலப் பயிற்சிக்கு அணி புளோரிடா மாநிலத்துக்குப் போகும். அங்கே வெள்ளை வீரர்கள் ஹொட்டலில் தங்க, கறுப்பு வீரர்கள் ஊரின் கறுப்பர் பகுதியில் வீடுகளில் தங்கவேண்டும். பயணத்தில் வெள்ளை வீரர்கள் சாப்பாட்டுக் கடைக்குள் இருந்து சாப்பிட, இவர்கள் பஸ்ஸுக்குள் காத்திருக்க வேண்டும். கிளெமென்ரே இதைச் சகித்துக்கொண்டு போகவில்லை, எதிர்த்துப் பேசினார். 1968இல் மாட்டின் லூதர் கிங் கொலையுண்டபோது, இறுதிச் சடங்கு முடியும்வரை விளையாடமாட்டோம் என்று பைரேற்ஸ் வீரர்கள் நின்றார்கள். அதிலே முன்னுக்கு நின்றவர்களில் அவரும் ஒருவர்.

மற்றக் கரைச்சல்தான் நான் இண்டைக்குச் சொல்ல வந்தது. அது பெயரும் மொழியும்.

றொபேட்டோ என்பது அவர்களுக்கு வாயில் வரவில்லையாம். அதனால் 'பொப்' என்று கூப்பிட்டார்கள். வானொலியில் பொப், பத்திரிகையில் பொப். சின்னப் பிள்ளைகள் சேர்க்கிற, வீரர்களின் படம் போட்ட அட்டைகளிலும் 1960கள் முழுக்க 'பொப் கிளெமென்ரே' என்றுதான் அச்சடித்தார்கள். என்ரை பெயர் றொபேட்டோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்திரிகைக்காரர்கள் அவருடைய ஆங்கிலத்தை, உச்சரிப்புப் பிழையோடை, எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டுப் பகிடி பண்ணினார்கள். ஒரு கெட்டிக்காரன் மோடன்போலத் தெரிந்தான். உள்ளே எவ்வளவு அறிவு இருந்தாலும் வாய் திறந்தவுடன் சின்னப்பிள்ளையாக மதிக்கப்படுகிற வேதனை, வேலைத்தலங்களில் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்!

அவர் ஆங்கிலத்தை வெறுக்கவில்லை. படித்தார், பேசினார். அமெரிக்க மரைன் படையின் சேமப்பிரிவிலும் சேவை செய்தார். பிற்ஸ்பேர்க் சனத்தை நேசித்தார். ஆனால் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. புது நாட்டுக்கு உழைக்கிறதும், தன்ரை பெயரோடை நிக்கிறதும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை என்று வாழ்ந்து காட்டினார்.

விளையாட்டிலே சும்மா ஆள் இல்லை. அடிவிகிதத்தில் 1961, 1964, 1965, 1967 ஆகிய 4 ஆண்டுகளில் தன் லீக்கிலே முதலிடம். களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது தொடர்ந்து 12 வருடம். மைதானத்தின் வலது மூலையிலிருந்து அவர் எறிகிற பந்து, ஓடுகிறவனுக்கு முன்னாலே போய்ச் சேர்ந்துவிடும். 1966இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்ற விருது. 1960இலும் 1971இலும் அவருடைய அணி உலகத் தொடரை வென்றது.

அந்த 1971ஆம் ஆண்டுத் தொடரைக் கேளுங்கோ. அவருக்கு 37 வயது. போல்ற்றிமோர் அணிக்கெதிரான 7 ஆட்டங்களிலும் அடித்தார். தொடரின் சிறந்த வீரர் அவர்தான். முடிந்தவுடன் உடைமாற்றும் அறையில் தொலைக்காட்சிக்காரர் ஒலிவாங்கியை நீட்டினார். அமெரிக்கா முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் என்ன செய்தார்? ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன் தாய் தகப்பனுக்கு ஸ்பானிய மொழியில் ஒன்று சொல்லவேண்டும் என்றார். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளிலே பிள்ளைகளுக்கு ஆசி சொல்லி, பெற்றோரிடம் ஆசி கேட்டார். எந்த மொழியைப் பகிடி பண்ணினார்களோ, அந்த மொழி அன்றைக்கு அந்த நாட்டின் ஒவ்வொரு வீட்டு வரவேற்பறையிலும் கேட்டது.

அடுத்த வருடம் 1972 செப்ரெம்பர் 30ஆம் திகதி தனது 3,000ஆவது 'ஹிற்'றை அடித்தார். பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் முதலாவது தளத்துக்காவது போய்ச் சேர்ந்தால் அது ஒரு ஹிற். அவருக்கு முன் 3,000ஐத் தொட்டவர்கள் 10 பேர்தான்.

அந்த வருடம் டிசெம்பர் 23ஆம் திகதி நிக்கராகுவா நாட்டின் தலைநகரம் மனாகுவாவைப் பூமியதிர்ச்சி தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்னர்தான் கிளெமென்ரே தன் தீவின் அணியைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தவர். அந்தச் சனத்தை அவருக்குத் தெரியும். நத்தார் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு உடுப்பு, சாப்பாடு, மருந்து சேர்த்து அனுப்பினார். போன சாமான்களை அங்கத்தைய சர்வாதிகாரி சொமோசாவின் படையாட்கள் எடுத்துக்கொள்கிறார்கள், சனத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று செய்தி வந்தது.

இனிமேல் நானே போகிறேன் என்றார் கிளெமென்ரே. றொபேட்டோ கிளெமென்ரே வந்து நின்றால், அந்தப் பெயருக்கு முன்னால் கள்ளர் கை வைக்கமாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. டிசெம்பர் 31ஆம் திகதி இரவு, வருடப் பிறப்புக்கு ஒருசில மணித்தியாலம் இருக்க, அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய பழைய விமானம் ஒன்றில் சன் குவான் நகரிலிருந்து ஏறினார். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அது கடலில் விழுந்தது. அதில் இருந்த 5 பேரும் இறந்தார்கள். கிளெமென்ரேயின் உடல் கிடைக்கவேயில்லை. வயது 38. வீட்டிலே மனைவி வேராவும் மூன்று சின்னப் பொடியன்களும். அணித் தோழர் மனி சங்கியென் நினைவு ஆராதனைக்குக்கூடப் போகாமல், சுழியோடிகளோடை கடலுக்குள் இறங்கித் தேடினார்.

கடல் பார்த்து நின்று திரும்பிய தாய்மார் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்லவில்லை.

ஒரு வீரரை பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் சேர்க்க, ஆட்டத்தை விட்டு 5 வருடம் கழியவேண்டும். கிளெமென்ரேக்கு அந்த விதியைத் தளர்த்தி 1973இலேயே சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்க வீரர்களில் அங்கே முதலாவதாகப் போனவர் அவர்தான். பொதுத் தொண்டு செய்கிற வீரருக்கு வருடாவருடம் கொடுக்கிற விருதுக்கும் அவருடைய பெயரை வைத்தார்கள்.

ஆனால் பிள்ளைகளே, அந்தப் புகழ் மண்டபப் பட்டயத்திலும் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார்கள்! ஸ்பானிய வழக்கத்தில் முதலில் தகப்பன் வழிப் பெயர், கடைசியில் தாய் வழிப் பெயர். றொபேட்டோ கிளெமென்ரே வாக்கர் என்பதுதான் சரி. அமெரிக்க வழக்கப்படி மாற்றி, றொபேட்டோ வாக்கர் கிளெமென்ரே என்று போட்டுவிட்டார்கள். அதைத் திருத்திப் புதிய பட்டயம் வைத்தது 2000ஆம் ஆண்டில். 27 வருடம் எடுத்தது. எங்கடை கதையும் அதுதானே! தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று விண்ணப்பப் படிவத்துக்குத் தெரியாது. ஒரே வீட்டில் தகப்பனுக்கொரு குடும்பப் பெயர், பிள்ளைக்கொரு குடும்பப் பெயர்.

வேலைக்கு விண்ணப்பம் போடும்போது பெயரைச் சுருக்கினவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. வயிற்றுப் பிழைப்பு என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கேட்கிறது வேறை. வகுப்பிலே ரீச்சர் உங்கடை பெயரைப் பார்த்துத் தடக்குப்பட்டால், வெட்கப்பட்டுத் தலையைக் குனியாதேயுங்கோ. மரியாதையாக ஒருக்கால் சொல்லிக்கொடுங்கோ. பிழையாகச் சொன்னால் இன்னொருக்கால் சொல்லிக்கொடுங்கோ. பெற்றோரே, பிள்ளைக்கு அந்தப் பெயரின் கருத்தையும், அதை ஏன் வைத்தீர்கள் என்பதையும் சொல்லிவையுங்கோ. கருத்துத் தெரியாத பெயரைக் காப்பாற்றப் பிள்ளைக்கு மனம் வராது.

தமிழிலே பெயர் என்றால் இரண்டு கருத்து. ஒன்று தாய் தகப்பன் வைப்பது, மற்றது நாங்கள் எடுப்பது. வைத்த பெயரை விடாமல் காத்த கிளெமென்ரே, எடுத்த பெயரை அடுத்த நாட்டுச் சனத்தின் பசிக்காகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வரப்போகிற சித்திரை வருசத்திலே கைவிசேசம் வாங்கும்போது, பெரியவர்களிடம் உங்கடை பெயரின் கதையையும் கேட்டு வாங்குங்கோ.