நீரிழிவு என்னும் சொல்லும் சிறுநீரகத்தின் பணியும்



சிறுநீரகத்தை விளக்கும்போது நாம் வழக்கமாகத் தேநீர் வடிகட்டியையே உவமை காட்டுகிறோம். ஒரு முறை வகுப்பில் மாணவி ஒருவர் எங்களைக் கேட்டார்: “சர்க்கரையும் யூரியாவும் இரத்தத்தில் கரைந்தே இருக்கின்றன. இவற்றுள் எது உணவு, எது கழிவு என்று வடிகட்டிக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது என்பதே விடை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முடிச்சுப்போல் சுருண்டு கிடக்கின்றன. இரத்த அழுத்தம் அம்முடிச்சிலிருந்து நீரை வெளியே தள்ளுகிறது. இரத்த அணுக்களும் பெரும்புரதங்களும் தங்கிவிடுகின்றன; உப்பு, சர்க்கரை, யூரியா ஆகியன வேறுபாடின்றி நீரோடு செல்கின்றன. இவ்வாறு வடிவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர். நம் இரத்தத்தின் நீர்மப் பகுதியோ 3 லிட்டர் அளவே. அப்படியாயின் அதே நீர்மம் ஒரு நாளில் 60 முறை வடிகட்டப்படுகிறது! நாம் கழிப்பது ஓரிரு லிட்டர்தான். எஞ்சியதை நுண்குழல்கள் இரத்தத்திற்கே மீட்டுத் தருகின்றன.

ஆகவே சிறுநீரகத்தின் உழைப்பில் பெரும்பகுதி நீக்குவதிலன்று, மீட்பதிலேயே செல்கிறது. சர்க்கரை ஏறக்குறைய முழுமையாக மீட்கப்படுகிறது. யூரியாவில் பாதியளவு கைவிடப்படுகிறது. சில பொருள்களை நுண்குழல்கள் தாமே சுரந்து வெளியேற்றுவதும் உண்டு. அதனை இங்கே விரிக்கவில்லை. 1924இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வேர்ன், ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரும் தவளையின் சிறுநீரக முடிச்சு ஒன்றில் நுண்குழாயைச் செருகி, அங்கு வடிந்த துளியை ஆராய்ந்தனர். அதில் சர்க்கரை இருந்தது. சிறுநீர்ப்பையில் இருந்த நீரில் இல்லை. இடைவழியில் அது மீட்கப்பட்டிருந்தது.

இனி சொல்லுக்கு வருவோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் ‘இனிப்பு நீர்’ என்பர். மலாய்மொழியின் ‘கென்சிங் மானிஸ்’ என்பதற்கும் அதுவே பொருள். நூல்வழக்கில் நீரிழிவு. ‘இழிவு’ என்றதும் மாணவர் சிலர் இகழ்ச்சி என்று எண்ணிச் சிரிக்கின்றனர். இழிதல் என்பது இறங்குதல். மலையிலிருந்து அருவி இழியும் என்கிறோம் அல்லவா? இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தால், நுண்குழல்களால் அதனை முழுதும் மீட்க இயலுவதில்லை. மீளாத சர்க்கரை நீரையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. இனிப்பு நீர் என்னும் பெயர் சர்க்கரையைச் சுட்டுகிறது. நீரிழிவு என்னும் பெயர் நீரின் இழப்பைச் சுட்டுகிறது.

பின்னதே விரிந்த சொல் என்பது எங்கள் கருத்து. சர்க்கரைக்குத் தொடர்பே இல்லாத நீரிழிவும் உண்டு. நண்பகலில் திடலில் ஓடி வியர்த்தால் உடலில் நீர் குறைகிறது. உடனே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி வாசோபிரசினை மிகுதியாக வெளியிடுகிறது. அது நுண்குழல்களின் இறுதிப் பகுதியில் நீர்செல்லும் வாயில்களைப் பெருக்குகிறது; நீர் மீள்கிறது; சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகிறது. வேண்டிய அளவு நீர் பருகியபின் அச்சுரப்பு தணியும். அது சுரக்காமற்போனாலோ, நுண்குழல்கள் அதற்கு இணங்காவிட்டாலோ, நாளொன்றுக்கு 10 லிட்டருக்கு மேலும் நீர் இறங்கக்கூடும். அந்நீரில் இனிப்பே இராது. அதனை ‘இனிப்பு நீர்’ என்று எவ்வாறு அழைப்பது?

வடிகட்டி உவமையை அறவே கைவிட வேண்டியதில்லை. முடிச்சுக்கு அது பொருந்தும், நுண்குழலுக்குப் பொருந்தாது. அந்த முடிச்சையும் நாட்பட்ட சர்க்கரை நோய் சிதைக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிறுநீரகச் செயலிழப்பிற்கு முதற்காரணம் இதுவே. முடிச்சின் சுவர் பழுதுபட்டதும், இரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் கசியத் தொடங்குகிறது. அப்போது வலி இராது. சிறுநீரின் நிறமும் மாறாது. ஆண்டுதோறும் செய்யும் எளிய சிறுநீர்ச் சோதனையிலேயே அக்கசிவு தெரியவரும்.