தழும்பு வேறு, நோய் வேறு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வெளிநாட்டு வேலை பற்றிப் பேசச் சொன்னார்கள். சம்பளத்தைப் பற்றி மற்ற நண்பர்கள் சொல்வார்கள். நான் ஓர் எக்ஸ்ரே படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

2010-இல், மூன்றாம் ஆண்டு சிவில் படித்தபோது எனக்குக் காசநோய் வந்தது. விடுதியைக் காலி செய்துவிட்டு, பாபநாசம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்தே ரயிலில் வந்துபோனேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் பெயர் எழுதிய மருந்துப் பெட்டி இருக்கும். வாரம் மூன்று நாள் மாத்திரை, மொத்தம் ஆறு மாதம். வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

குணமானது. அன்றைக்கே அம்மா என் சிகிச்சை அட்டையையும் பரிசோதனைச் சீட்டுகளையும் அடுப்பில் போட்டார். "தங்கச்சிக்கு வரன் பாக்கணும்டா, யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். நானும் தடுக்கவில்லை.

2019-இல் ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பித்தேன். சென்னையில் மருத்துவப் பரிசோதனை. முதல் நாள் இரவு அம்மா போனில், "கேட்டா இல்லேன்னே சொல்லிடுப்பா" என்றார். டாக்டர் கேட்டார். ஒரு நிமிடம் தயங்கி, "ஆமாம், வந்தது" என்றேன். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் தழும்பு தெரிந்தது. நான் மறைத்திருந்தாலும் அது காட்டிக் கொடுத்திருக்கும். பொய்த் தகவல் தந்ததற்காகவே விசா மறுக்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு.

சிவில் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சுவரில் விரிசலைப் பார்த்த மாத்திரத்தில் அது நின்றுவிட்டதா, நகர்கிறதா என்று சொல்ல முடியாது. குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுக் காத்திருப்போம். நுரையீரலுக்கும் அப்படித்தான். மூன்று நாள் காலையில் சளி எடுத்து வளர்ப்புப் பரிசோதனைக்கு வைத்தார்கள். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய 20 மணி நேரமாகும். அதனால் முடிவுக்கு எட்டு வாரம் காத்திருந்தேன்.

சிகிச்சைக்கு ஆதாரமும் கேட்டார்கள். அதுதான் அடுப்பில் போய்விட்டதே! காசநோயாளிகளைக் கணினியில் பதியும் 'நிக்ஷய்' வந்தது 2012-இல்தான். என் காலத்தில் கையால் எழுதிய பேரேடு. தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு அக்கா பரண்மேல் ஏறித் தேடி எடுத்துக் கொடுத்தார். என் பெயருக்கு நேரே 'குணமடைந்தார்' என்றிருந்தது. சளியிலும் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அங்கே போனபின் மருத்துவ மேற்பார்வைக்கு வருவதாக ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டேன். விசா கிடைத்தது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. வளைகுடா நாடுகளின் விதிகளில் ஆறிப்போன தழும்பே 'தகுதியில்லை' என்று எழுதப் போதும். நம் டெல்டாப் பிள்ளைகள் நிலத்தை அடகு வைத்து ஏஜென்டுக்குப் பணம் கட்டிய பிறகுதான் அந்தச் செய்தி வருகிறது. தம்பிகளே, பணம் கட்டுமுன் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சிகிச்சைக் காகிதங்களை டிகிரி சர்டிபிகேட்டோடு சேர்த்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், சானடோரியத்தில் வைத்துப் பார்த்தவர்களையும் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டது. வீட்டிலிருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள். அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றிய ஆய்வு அது, நம் ஊர் நோயாளிகளை வைத்து நடந்தது. அதற்கு அரை நூற்றாண்டு கழித்தும் எங்கள் வீட்டில் தனித் தட்டு!

இதைப் பேசுவதற்கு அம்மாவிடம் அனுமதி கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொல்லுப்பா, நான் எரிச்சதையும் சேத்துச் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன்.