திரைப்படமும் நம் பிள்ளைகளும்

 

வெள்ளி விழாக் காணும் ஒரு கல்விச் சங்கத்தின் மேடையில் சினிமாவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. ஒரு மாணவன் நம் பள்ளியில் இருப்பது நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரமே. எஞ்சிய நேரத்தில் அவனுக்கு ஆசிரியராக விளங்குவது திரைப்படமும், திரைப்படச் செய்தியும், அவ்விரண்டையும் சுமந்து வரும் கைபேசியும் ஆகும். பிள்ளைக்கு யார் பாடம் நடத்துகிறார் என்று விசாரிப்பது பெற்றோரின் கடமை அல்லவா?

புதுக்கோட்டைக்கும் திரைப்படத்திற்கும் உள்ள உறவு பழமையானது. 1916-இல் இம்மண்ணில் பிறந்து, சிறுவனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்த பி. யு. சின்னப்பா, 1940-இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் ஏற்றுத் தமிழகம் முழுவதும் புகழ் பெற்றார். நம் முன்னோர் அத்தகைய படங்களைக் கண்டது டூரிங் கொட்டகையில், மணல் தரையில் அமர்ந்துதான். அந்தத் தரைக்கும் ஒரு பெருமை உண்டு. ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள் அதனை எடுத்துக்காட்டியுள்ளார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதற் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்பதும், அங்கே இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, கையில் உள்ள காசே என்பதும் அவர் கருத்து. கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் தள்ளி நிறுத்தப்பட்ட நம் மக்கள், டிக்கெட் வாங்கி உள்ளே சென்று அமர்ந்தனர். ஆகவே சினிமாவே தீது என்று நாம் கூறமாட்டோம். அதனை அறிவோடு பயன்படுத்துகிறோமா என்பதே நம் கேள்வி.

முதலில் சினிமாச் செய்தியைப் பற்றிச் சில சொற்கள். 'பேசும் படம்', 'குண்டூசி', 'பொம்மை' முதலிய இதழ்கள் ஒரு காலத்தில் வாசகசாலைகளில் கைக்குக் கை மாறின. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர் பலர் அவற்றாலும் பாட்டுப் புத்தகத்தாலும் வாசிப்பைப் பழகினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தரங்கத்தை விற்கும் ஏடுகளும் அன்றே இருந்தன. 'சினிமா தூது', 'இந்துநேசன்' ஆகியவற்றை நடத்திய லட்சுமிகாந்தன் நடிகர்களின் சொந்த வாழ்க்கையைத் தூற்றி எழுதினார், 1944-இல் கொலையுண்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று, 1947-இல் விடுதலை பெற்றனர். வதந்தி ஓர் உயிரைப் பறித்தது. இரு பெருங் கலைஞர்களின் வாழ்வையும் குலைத்தது. அன்று காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த வம்புச் செய்தி, இன்று கேளாமலே பிள்ளையின் கைக்கு வருகிறது. இதுவே வேறுபாடு.

செய்தியில் மற்றொரு தீங்கும் உண்டு. அது இடத்தை அடைத்துக்கொள்வது. 2022 டிசம்பர் 26-ஆம் நாள், நம் மாவட்டத்து முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில், ஆதி திராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருப்பது வெளிப்பட்டது. அந்நீரைக் குடித்த குழந்தைகள் நோயுற்றிருந்தனர். சரியாகப் பதினாறு நாட்கள் கழித்து, 2023 ஜனவரி 11-ஆம் நாள், 'வாரிசு', 'துணிவு' என்ற இரு படங்கள் ஒரே நாளில் வெளியாயின. எந்தப் படம் எத்தனை கோடி வசூலித்தது என்பது நம் தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. வேங்கைவயல் நம் ஊரிலிருந்து எத்திசையில் உள்ளது என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? படம் பார்த்ததைக் குறை கூறவில்லை. ஆனால் யாரோ ஒரு தயாரிப்பாளரின் வசூல் கணக்கை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, தன் இனத்துக் குழந்தை குடித்த நீரின் செய்தி எட்டவில்லை எனில், வீட்டிலே யாரோ தம் கடமையைச் செய்யவில்லை என்பதே பொருள்.

அந்த ஜனவரி 11-ஆம் நாளிலேயே சென்னையில், படக் கொண்டாட்டத்தின்போது ஓடும் லாரியின்மீது ஏறி ஆடிய 19 வயது இளைஞர் ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார். இளைஞர்களே! நடிகரை விரும்புங்கள், அவர் நடிப்பைப் பாராட்டுங்கள். ஆனால் உங்கள் உயிர் உங்கள் தாய் வளர்த்தது. அதை ஒரு விளம்பரப் பலகையின் அடியில் வைத்துவிடாதீர்கள்.

இனிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சட்டத்தைக் கூறுவோம். 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி ஒவ்வொரு படத்திற்கும் சான்றிதழ் உண்டு. 'யு' எனில் அனைவரும் காணலாம். 'ஏ' எனில் 18 வயது நிரம்பாதோருக்கு அனுமதியில்லை. இடையில் உள்ள 'யு/ஏ' என்பது, 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இது பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கை, முடிவு பெற்றோருடையது. பெற்றோரும் பாதுகாவலரும் அன்றி வேறெவரும் அதைக் கட்டாயப்படுத்த இயலாது என்று சட்டமே கூறுகிறது.

இதனை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறோம்? 2023 மார்ச் 30-ஆம் நாள் சென்னைத் திரையரங்கு ஒன்றில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தினர் தடுத்து நிறுத்தப்பட்டனர். கண்டனம் எழுந்த பின்னரே உள்ளே அனுமதிக்கப்பட்டனர். படம் 'யு/ஏ' என்பதால் குழந்தைகளை விடவில்லை என்று காரணம் கூறப்பட்டது. மணல் தரையில் நம் பாட்டனார் பெற்ற உரிமை, குளிரூட்டிய அரங்கின் வாசலில் மீண்டும் கேள்விக்குள்ளாயிற்று. சட்டம் அறிந்த தாய் அவ்விடத்தில் அமைதியாக விடை கூற முடியும். கல்வி என்பது தேர்வுக்கு மட்டும் அன்று; வாசலில் நிற்கும்போதும் துணை வருவது.

அடுத்து, திரையில் நாம் எவ்வாறு காட்டப்படுகிறோம் என்பது. நந்தனார் கதை பலமுறை படமாகியது. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். இசை இனிது. ஆனால் ஒரு பக்தன் ஏன் தீயில் மூழ்கி எழ வேண்டும், பிறர் ஏன் மூழ்க வேண்டியதில்லை என்ற கேள்வியை நம் பிள்ளை கேட்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து 1948-இல் வெளியிட்ட தம் நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவருக்கும் காணிக்கையாக்கினார் என்பதை அப்போது எடுத்துரையுங்கள்.

அண்மைக் காலத்தில் நம் வாழ்வை நம்மவரே சொல்லும் படங்கள் வந்துள்ளன. 2018-இல் வெளிவந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில், சட்டக் கல்லூரி மாணவனின் தந்தை, பெண் வேடமிட்டு ஆடும் நாட்டுப்புறக் கலைஞர். மகன் படிக்கும் இடத்திலேயே அவமானப்படுத்தப்படுகிறார். 2024-இல் வெளிவந்த 'வாழை' படத்தில், படிப்பில் சிறந்த சிறுவன் விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கிறான். இரண்டையும் இயக்கியவர் மாரி செல்வராஜ். இவற்றைப் பார்க்கும் பிற பிள்ளைக்கு அது கதை. நம் பிள்ளைக்கு அது வீட்டுச் செய்தி. மறுநாள் வகுப்பில் ஒருவன், உன் அப்பாவும் இப்படித்தானா என்று கேட்பான். அப்போது அவன் தலை குனிவதும் நிமிர்வதும் முந்தைய இரவில் தந்தை அவனோடு பேசினாரா என்பதைப் பொறுத்தது. படம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் செல்லாதீர்கள். பறை அடித்த கை, களை எடுத்த கை, கல் உடைத்த கை எதுவும் இழிந்ததன்று என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். திரை காயத்தைக் காட்டும், மருந்திடுவது வீடுதான்.

நகைச்சுவைக் காட்சிகளிலும் கவனம் வேண்டும். கறுப்பு நிறத்தையும், ஏழ்மையையும், துப்புரவுத் தொழிலையும் கேலி செய்யும் காட்சிக்குப் பிள்ளை சிரிக்கும்போது, அது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று மெல்லக் கேளுங்கள். திட்ட வேண்டாம், கேட்டாலே போதும்.

நடைமுறைக்கு ஏற்ற சிலவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, கணக்கு. டிக்கெட் ஒன்று 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நால்வருக்கு 600. பேருந்தும் சிற்றுண்டியும் சேர்ந்தால் 1,000 ஆகிவிடும். 2025-26-ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அதாவது ஒரு மாலைப் பொழுது மூன்று நாள் உழைப்பு. செல்லக் கூடாது என்பதன்று. தேர்ந்து செல்ல வேண்டும் என்பதே. இக்கணக்கைப் பிள்ளையிடமே போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பார்க்குமுன் சான்றிதழைப் பாருங்கள். இணையத் திரைத்தளங்களும் வயதுக் குறிப்பு இட வேண்டும், பெற்றோர் பூட்டு அமைக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அப்பூட்டை இட உங்களுக்குத் தெரியாவிடில், நம் சங்கத்தின் கல்லூரி மாணவர்கள் வீடு வீடாகச் சென்று கற்றுத்தர வேண்டும்.

மூன்றாவது, 'ஜெய்பீம்' போன்ற படங்கள் சித்திரவதைக் காட்சிகளால் சிறுவர்க்கு ஏற்றவையல்ல. வளர்ந்த பிள்ளைகளோடு பாருங்கள். பார்த்தபின் ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்று அவர்களையே விளக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, சங்கமே ஆண்டுக்கு நான்கு படங்களை இக்கூடத்தில் திரையிட்டுக் கலந்துரையாடல் நடத்தலாம். மம்மூட்டி அம்பேத்கராக நடித்துத் தேசிய விருது பெற்ற படத்தை முதலாவதாகக் கொள்வோம்.

ஐந்தாவது, பொழுதுபோக்கு என்றாலே சினிமா என்று எண்ணற்க. 1991-92-ஆம் ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பாட்டாலும் வீதி நாடகத்தாலும் கிராமங்களை எழுப்பியது. பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். கற்றதே அவர்களுக்குக் களிப்பாயிற்று. அப்பாடல்களைப் பாடிய தாய்மார்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஒரு மாலை கைபேசியை வைத்துவிட்டு, பேரப்பிள்ளைகள் அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்கட்டும்.