பந்தயக் குதிரையின் சேணத்து ஈயம்

கிடர்பூர் பாலத்தைத் தாண்டி ஹேஸ்டிங்ஸ் பக்கம் வந்தால் கல்கத்தாவின் குதிரைப் பந்தயத் திடல். ‘ஃபேவரிட்’ என்ற பேச்சு விளையாட்டுக்குள் நுழைந்ததே இப்படிப்பட்ட திடல்கள் வழியாகத்தான்; எந்தக் குதிரைமேல் பணம் குவிகிறதோ அது ஃபேவரிட். சில பந்தயங்களில் நன்றாக ஓடும் குதிரையின் சேணத்தில் ஈயம் வைத்துக் கனம் கூட்டுவார்கள். மனிதருக்கு யாரும் வைக்க வேண்டியதில்லை, ‘நீதான் ஜெயிப்பாய்’ என்று ஊர் சொன்னாலே கனம் ஏறிவிடும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் உலகக் கோப்பை போன்ற பெரிய கால்பந்துப் போட்டிகளின் பெனால்டி உதைகளை எண்ணிப் பார்த்தார். பெரிய விருதுகளை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், பின்னாளில் வாங்கப்போகிறவர்களைவிட அதிகம் தவறவிட்டிருந்தார்கள்.

கல்கத்தாக்காரர்களுக்கு ஆய்வே வேண்டாம், 1997 ஜூலை 13 போதும். சால்ட் லேக் அரங்கில் ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்து அரையிறுதி, ஊரின் இரண்டு அணிகளான மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் கூட்டம். பயிற்சியாளர் அமல் தத்தாவின் ‘டைமண்ட்’ வியூகத்தோடு வந்த மோகன் பகான்தான் ஃபேவரிட். தத்தா வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர் ஓமோலோவை ‘ஆம்லெட்’ என்றார், பாய்ச்சுங் பூட்டியாவையும் விடவில்லை. எதிர்முகாமின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜியோ, பேசியே ஆட்டக்காரர்களுக்கு வெறியேற்றுவதில் பேர்போனவர். அவர் கையில் போய் இப்படிக் கேலியைக் கொடுப்பார்களா, சொல்லுங்கள்! நாலுக்கு ஒன்று என்று ஈஸ்ட் பெங்கால் வென்றது. பூட்டியா மட்டும் மூன்று கோல்.

‘அது வியூகத்தின் ஓட்டை, மனசு என்ன செய்தது?’ என்று கேட்பீர்கள். ஓட்டை உண்மைதான், ஆட்களை முன்னே அனுப்பினால் பின்பக்கம் காலியாகும். ஆனால் ஊருக்கெல்லாம் பறைசாற்றிவிட்ட வியூகத்தை ஆட்டத்தின் நடுவே மடித்து வைக்க யாருக்கு மனம் வரும்? ‘ஃபேவரிட்தானே பெரும்பாலும் ஜெயிக்கிறது?’ என்பது அடுத்த கேள்வி. ஆமாம். திறமையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் எந்தப் பதற்றமும் அதை ஈடுகட்டாது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம் என்றால்தான் அந்த ஈயத்துண்டு கணக்கில் வருகிறது. அதுவும் ஒரே சேணத்தில் தங்குவதில்லை. மோகன் பகானை மண்ணைக் கவ்வ வைத்த அணி என்ற பெயரோடு ஈஸ்ட் பெங்கால் இறுதி ஆட்டத்துக்குப் போனது. கோப்பையைக் கோவாவின் சால்காவ்கர் அணி கொண்டுபோனது.