முதல் ஆர்டருக்கு முன்னாடி ஒரு நாள் பயிற்சி கொடுங்க!

(தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் இன்ஜினியரிங் முடிச்சவங்க. ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைச்சா முதல் சில மாதம் ட்ரெயினிங். ஏசி ரூமில் உட்கார வைத்து, சம்பளமும் கொடுத்துச் சொல்லித் தருவாங்க. அங்கே தப்பு நடந்தால் கோடில் ஒரு பிழை வரும், அவ்வளவுதான்.

அதே பேட்சில் படித்து, வேலை கிடைக்காமல் டெலிவரிக்குப் போன தம்பிக்கு என்ன கிடைக்குது? ஆப்பில் சில வீடியோ, ஒரு டி-ஷர்ட், ஒரு பை. ஆர்டரை எப்படி எடுப்பது, ஓடிபி எங்கே போடுவது, கேஷை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் தெளிவா இருக்கும். அது வியாபாரத்துக்கான பயிற்சி. அவன் உயிருக்கான பயிற்சி எங்கே?

முதுகில் கனமான பை இருந்தால் வளைவில் வண்டி தடுமாறும். தண்ணி தேங்கிய ரோட்டில் பள்ளம் தெரியாது. ஒரு கண் மேப்பில், ஒரு கண் சிக்னலில். அடிபட்டால் இன்சூரன்ஸை யாரிடம் கேட்பது? இதையெல்லாம் அவன் விழுந்துதான் கத்துக்கணுமா?

"லைசென்ஸ்தான் இருக்கே" என்பீர்கள். 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரோடு, 25 கி.மீ. வேகத்தைத் தாண்டாத மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸே தேவையில்லை. டெலிவரியில் இந்த வண்டிகள் நிறைய ஓடுது. லைசென்ஸ் உள்ளவரும் ஆர்டிஓ ஆபீசில் பை இல்லாமல், அவசரம் இல்லாமல் எட்டு போட்டவர்தான்.

2020-21-ல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் என்றும், 2029-30-ல் அது 2.35 கோடி ஆகும் என்றும் நிதி ஆயோக் கணித்தது. தினமும் புதுசா ஒருத்தர் ரோட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார். 'பார்ட்னர்' என்று பெயர் வைத்துவிட்டால் கம்பெனியின் பொறுப்பு போய்விடுமா?

தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர் நல வாரியம் 2023-ல் அமைந்தது. அதன் வழியாகவே இதைச் செய்யலாம். நாம் கேட்பது மூன்றுதான்:

1. முதல் ஆர்டருக்கு முன் ஒரு நாள் நேரடி சாலைப் பயிற்சி. அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு.
2. முதல் வாரம் தாமதத்துக்கு ரேட்டிங் குறைப்போ ஐடி முடக்கமோ கூடாது.
3. விபத்து நடந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று தமிழில் கையேடு.

உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் தம்பியிடம், தங்கையிடம் ஒரு நிமிஷம் பேசுங்க. "வாரியத்தில் பதிந்தாச்சா?" என்று கேளுங்க. இல்லை என்றால் பதிய உதவுங்க. "என்ன பயிற்சி கொடுத்தாங்க?" என்றும் கேட்டு, பதிலை கமென்ட்டில் எழுதுங்க. பெயர் வேண்டாம்.

சோறு சூடா வரணும். கொண்டுவருபவர் முழுசா வீடு திரும்பணும்.

#டெலிவரிக்கு_முன்_பயிற்சி