இன்ரநெற்றில் தேடப் பழகிய காலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சங்கத்தார் எனக்குத் தந்த பொருள் "மாணவரும் ஆராய்ச்சியும்" என்பது. பொருளோ பெரிது, நேரமோ அரைமணி. ஆதலின் ஆராய்ச்சியின் இலக்கணத்தை விரித்துரைக்க யான் முயலவில்லை. 1998ஆம் ஆண்டில் கொழும்பிலே சர்வகலாசாலை இறுதியாண்டு மாணவனாயிருந்தபோது இன்ரநெற்றில் தேடக் கற்றுக்கொண்ட கதையையும், அரைகுறையாகக் கற்றமையால் நேர்ந்த ஒரு பிழையையும் சொல்லலாமென்று எண்ணுகிறேன். "இணையம்" என்னும் நல்ல தமிழ்ச்சொல் இன்று எல்லோர் வாயிலும் வழங்குகின்றது. அன்று நாங்கள் இன்ரநெற் என்றே சொன்னோம். பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆய்வுப் பொருள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர். நமது குடாநாட்டில் வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றில்லை. அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் மழைநீரையே. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடுகின்ற உரத்திற் பயிர் உண்டது போக எஞ்சியது மழையோடு கீழிறங்குகின்றது. மலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. இரண்டு வழியாலும் நைத்திரேற்று என்னும் உப்பு கிணற்றைச் சேர்கின்றது. பெரியவர்களுக்கு இது சாதாரணமாக உடனே தீங்கு செய்வதில்லை. போத்திற்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கோ ஆகாது. குழந்தையின் வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்க, உடல் நீலம் பாரிக்கும். 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வைத்தியர் கொம்லி என்பார் கிணற்று நீருக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பை எழுதி வெளியிட்டார்.

பொருள் கிடைத்தது, நூல் கிடைக்கவில்லை. ஊருக்குப் போய்ப் பார்க்கலாமென்றாற் பாதை மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1981ஆம் ஆண்டில் ஏறக்குறைய 97,000 நூல்களுடன் எரிந்தது. சர்வகலாசாலை வாசிகசாலையிலும் வெளிநாட்டுச் சஞ்சிகைகள் சில ஆண்டுகளுக்கு வரும், பின்பு நின்றுவிடும். நான் தேடிய ஆண்டு எப்பொழுதும் வராத ஆண்டாகவே இருந்தது.

இந்த நிலையிலேதான் கொம்பியூட்டர் அறைக்குப் போனேன். வணிக முறையிலான இன்ரநெற் இணைப்பு இலங்கைக்கு 1995ஆம் ஆண்டில் வந்தது. எங்கள் அறையில் வரிசையாய்ப் பெயரெழுதி வைத்து, முறை வந்ததும் அரைமணி நேரம் இருக்கலாம். ஒரு பக்கம் திரையில் வந்து நிறைவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று பகிடி சொல்வார்கள். அச்சிட்டு எடுக்கப் பக்கத்துக்கு இவ்வளவென்று காசு. இந்தக் காசு விஷயத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முன் இருந்தவர்கள் பட்ட பாட்டை எண்ணினால் எங்கள் பாடு பெரிதன்று. 1990ஆம் ஆண்டில் மொன்றியல் நகரின் மக்கில் சர்வகலாசாலையிலே ஆர்ச்சி என்றொரு தேடு கருவி செய்யப்பட்டது. செய்தவர் பார்படோஸ் என்னும் சிறு தீவிலிருந்து அங்கே படிக்கச் சென்ற அலன் எம்ரேஜ் என்னும் மாணவர். அது கோப்புகளின் பெயரை மட்டுமே தேடும். உள்ளே என்ன இருக்கிறதென்பதை அறியாது. அடுத்த ஆண்டில் மினசோட்டா சர்வகலாசாலையார் கோபர் என்னும் முறையை வெளியிட்டனர். படியிறங்கிப் போவதுபோல ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்குப் போகலாம். நல்ல முறைதான். ஆனால் 1993இல் அதன் வழங்கிக்குக் கட்டணம் கேட்கப்போவதாக அவர்கள் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தார், ரிம் பேர்ணர்ஸ் லீ வகுத்த உலகளாவிய வலையை எவரும் காசின்றிப் பயன்படுத்தலாமென்று விட்டுவிட்டார்கள். கோபர் தேய்ந்ததற்கு வேறு காரணங்களும் கூறுவர்; எனக்கு இதுவே பெரிய காரணமாகப் படுகின்றது.

நான் பழகியது அல்ராவிஸ்ரா. 1995ஆம் ஆண்டு டிசெம்பரில் வந்து, 2013இல் மூடப்பட்ட தேடுபொறி அது. முதல்நாள் "யாழ்ப்பாணம்" என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். போர்ச் செய்தி, போர்ச் செய்தி, மேலும் போர்ச் செய்தி. "நீர்" என்று அடித்தபோது உலகத்துக் கடலெல்லாம் வந்து நின்றன. அரைமணி முடிந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு மூத்த மாணவர் காட்டித் தந்தார்: சொல்லுக்கு முன்னே ஒரு கூட்டற்குறி இட்டால் அச்சொல் உள்ள பக்கங்கள் மட்டுமே வரும், இரு சொற்களை மேற்கோட்குறிக்குள் அடைத்தால் அவை சேர்ந்தே இருக்கவேண்டும். அதோடு, கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டே வரவேண்டுமென்றும் சொன்னார். இருந்தபின் யோசிக்கிறவனுக்கு அரைமணி போதாது.

1997ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தார் பப்மெட் என்னும் பட்டியலை எவரும் இலவசமாய்ப் பார்க்கத் திறந்துவிட்டிருந்தனர். அங்கே கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் கிடைக்கும்; முழுக் கட்டுரை பெரும்பாலும் கிடையாது. நான் செய்தது, எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பியதே. ஐந்து பேருக்கு அனுப்பினேன். இருவர் தங்கள் கட்டுரையைப் போட்டோப் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். முன்பின் அறியாத ஒரு மாணவனுக்கு முத்திரைச் செலவு செய்த அந்த மனிதரை இன்றும் நினைக்கிறேன்.

நிற்க, பிழைக்கு வருகிறேன்.

அப்பொழுது ஊரில் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். "தம்பி, பிள்ளைக்குப் பால்மா கரைக்க எங்கள் கிணற்று நீர் ஆகுமா? நீ இதைத்தானே படிக்கிறாய்?" என்று எழுதி, கப்பலில் வந்த ஒருவரிடம் ஒரு போத்தல் நீரும் கொடுத்துவிட்டிருந்தா. நாட்பட்ட நீரின் அளவு முற்றிலும் நம்பத்தக்கதன்று என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. ஆய்வுகூடத்திற் சோதித்தேன். 12 என்று வந்தது.

இன்ரநெற்றில் எல்லையைத் தேடினேன். ஐக்கிய அமெரிக்கர் வகுத்த எல்லை 10 என்று ஒரு பக்கம் கூறிற்று. உலக சுகாதார தாபனத்தின் எல்லை 50 என்று வேறொரு பக்கம் கூறிற்று. நான் என்ன எண்ணினேன் தெரியுமா? அமெரிக்கர் செல்வர், ஐந்து மடங்கு கண்டிப்பாக இருக்கிறார்கள். நமக்கு உலகத்தார் எல்லை போதும். ஐம்பதில் பன்னிரண்டு நாலிலொரு பங்குதானே! "அஞ்ச வேண்டாம் அக்கா, நீர் நல்லது" என்று கடிதம் எழுதித் தபாலிற் போட்டுவிட்டேன். ஆய்வு நகலிலும் "அமெரிக்கரின் எல்லை ஐந்து மடங்கு கண்டிப்பானது" என்று பெருமிதத்தோடு எழுதினேன்.

நகலைப் பார்த்த பேராசிரியர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"எந்த அலகு, தம்பி?"

"லீற்றருக்கு மில்லிகிராம், சேர்."

"எதனுடைய மில்லிகிராம்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் தாளில் இரண்டு எண்களை எழுதினார்: 14, 62. நைதரசனின் நிறை 14. அதோடு மூன்று ஒட்சிசன் சேர்ந்த நைத்திரேற்றின் நிறை 62. அமெரிக்கர் நைதரசனை மட்டும் நிறுத்து 10 என்கிறார்கள். உலக சுகாதார தாபனத்தார் நைத்திரேற்று முழுவதையும் நிறுத்து 50 என்கிறார்கள். பத்தை 62 ஆற் பெருக்கிப் பதினாலால் வகுத்தால் ஏறக்குறைய 44. இரண்டு எல்லைகளும் கிட்டத்தட்ட ஒன்றே! எங்கள் ஆய்வுகூட முறையும் நைதரசன் கணக்கிலேயே விடை தருவது. ஆகவே என் பன்னிரண்டு உண்மையில் 53. எல்லைக்கு மேலே.

"நைதரசனாக" என்னும் அந்த ஒரு சொல் அமெரிக்கப் பக்கத்தின் அடிக்குறிப்பில் இருந்தது. அது இரண்டாம் தாளில் வரும். காசுக்குப் பார்த்து முதல் தாளை மட்டும் நான் அச்சிட்டிருந்தேன்.

அன்றிரவே இரண்டாங் கடிதம் எழுதினேன். அந்த நீரில் பால்மா கரைக்கவேண்டாம், காய்ச்சினாலும் நைத்திரேற்றுப் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும், தோட்டத்துக்குத் தூரமான கிணற்றில் எடுக்கவும் என்று எழுதினேன். எழுதினால் என்ன, கப்பல் போனாலல்லவா கடிதம் போகும்! ஏழு கிழமை மறுமொழி இல்லை. அந்த ஏழு கிழமையும் யான் இருந்த நிலையை இந்தச் சபையில் விவரிக்க மாட்டேன்.

பின்பு வந்தது அக்காவின் கடிதம். "உன் இரண்டு கடிதமும் ஒரே நாளிற் கிடைத்தன. நல்லதென்று ஒன்று, ஆகாதென்று ஒன்று. எதை நம்புவதென்று மாமியைக் கேட்டேன். திகதியைப் பார் என்று சொன்னா. பிள்ளைக்கு இன்னும் தாய்ப்பால்தான். கோயிற் கிணற்று நீரே எடுப்பிக்கிறோம்."

அதன்பின் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அடி வரை வாசிப்பதும், எடுத்த திகதியை மேலே எழுதுவதும் எனக்கு வழக்கமாயின. திகதி எழுதியது வேறொரு வகையிலும் உதவிற்று. அன்று நான் பார்த்த பக்கங்களிற் பல இரண்டொரு ஆண்டுகளில் மறைந்துபோயின. 1996இல் தொடங்கிய இன்ரநெற் ஆவணக்காப்பகத்தார் தாங்கள் சேமித்த பழைய பக்கங்களை 2001இல் எல்லோரும் பார்க்கத் திறந்தபோது, சிலவற்றை மீண்டும் கண்டேன். நமது பக்கத்தில் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும், இத்தகைய ஆண்டு மலர்களுங்கூட, ஏறியிருக்கின்றன. எரிந்த அலுமாரிக்கு அது ஈடாகுமா என்பது வேறு கேள்வி.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இதே கிணற்று நீரைப் பற்றி எழுதிய கட்டுரையை என்னிடம் கொண்டுவந்தா. கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் இக்காலத்து இயந்திரமொன்று அவவுக்கு ஆறு மேற்கோள்களைத் தந்திருந்தது. இருவருமாக அமர்ந்து ஒவ்வொன்றாய்ச் சஞ்சிகைகளிலே தேடினோம். நான்கு இருந்தன. இரண்டு எங்கும் இல்லை; சஞ்சிகை உண்டு, ஆண்டு உண்டு, அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை. பிள்ளை வெட்கப்பட்டா. நான் என் 10, 50 கதையைச் சொன்னேன். இருந்த நான்கிலும் அளவு எதன் கணக்கில் என்று பார்க்கச் சொன்னேன்; ஒன்றில் நைதரசன், மூன்றில் நைத்திரேற்று.

அந்த முதல் தாளை இன்று கொண்டுவந்திருக்கிறேன். மை மங்கிவிட்டது, ஓரத்தில் பேராசிரியர் எழுதிய 14உம் 62உம் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன், பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.