உள்ளங்கை திரும்பும்போது

 வலது முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வையுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். இடது கையால் வலது மேற்கையின் முன்பக்கச் சதையைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை மேலே பார்க்கும்படி அழுத்தமாகத் திருப்புங்கள். பிடித்த இடம் கெட்டியாகிறதா? அதுதான் பைசெப்ஸ். கையை மடக்குகிற தசை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் திருப்புவதிலும் அது பெரிய வேலைக்காரன்!

முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னா, கதவுக் கீல் மாதிரி மடங்கும், நிமிரும், அவ்வளவுதான். எனக்குப் பிரியமானது கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ். உள்ளங்கை கவிழும்போது அது அல்னாவின் மேல் குறுக்கே வந்துவிடும்; நிமிர்ந்தால் பழையபடி பக்கத்தில் போய் நிற்கும். பைசெப்ஸின் நாண் பிடித்திருப்பது இந்த ரேடியஸைத்தான். முழங்கை செங்கோணத்தில் இருந்தால் திருப்பும் வலு அதிகம். கையை நீட்டிவிட்டால் குறைந்துவிடும்.

சேலையூர்ப் பக்கம் மரவேலை செய்யும் தம்பி ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். "ஸ்க்ரூ முடுக்கினா முழங்கை வெளிப்பக்கம் சுரீர்ங்குது சார்" என்றார். செய்துகாட்டச் சொன்னேன். கையை முழுக்க நீட்டி, எட்டி எட்டி முடுக்கினார். ஸ்டூல் போட்டு ஏறி, முழங்கையை மடக்கி முடுக்கச் சொன்னேன். அவர் கிரிக்கெட் பிரியர்; பேச்சு இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனிடம் போய்விட்டது.

முரளிக்குப் பிறவியிலேயே வலது முழங்கை முழுசாக நிமிராது. 1995 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் அவர் முழங்கையை நிமிர்த்தி எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் அவர் பந்துகளை நோ-பால் என்றார். வளைந்த கை வேகமாகச் சுழலும்போது, நிமிர்வது போலவே கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் கேமரா வைத்து அளக்க வேண்டியிருக்கிறது. பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரி வரை நிமிர்வதை இன்றைய விதி அனுமதிக்கிறது. அப்படி அளக்க ஐசிசி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்று நம் போரூர் ராமச்சந்திரா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, தெரியுமா!

நேரம் நெருங்கிவிட்டது. கையை நிமிர்த்தும் ட்ரைசெப்ஸுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். பைசெப்ஸ் பிடித்திருப்பது மூட்டிலிருந்து 4, 5 சென்டிமீட்டரில். கையில் பிடிக்கும் பை இருப்பதோ 30 சென்டிமீட்டருக்கும் அப்பால். கையைச் செங்கோணமாக மடக்கி 5 கிலோ அரிசிப் பையைத் தாங்கினால், தசைகள் கிட்டத்தட்ட 35 கிலோவுக்கு இழுக்க வேண்டும். ஆகவே உள்ளங்கை மேலே பார்க்க, பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். முழங்கை வெளிப்பக்கம் வலிக்கிறவர்கள் இன்று சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டிலேயே செய்து பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.